அறியப்படாதவர் பொய்யர் அல்லர்

 

இன்று நம் மஹல்லாக்களில் வாட்ஸ்அப் குழு இல்லாத ஜமாஅத்தைக் காண்பது அரிது. ஜனாஸா அறிவிப்பு, இரத்தம் தேவை என்ற வேண்டுகோள், மதரஸா விடுமுறை, பிறை பார்த்த செய்தி என எல்லாம் அதன் வழியாகவே வீடுகளைச் சென்றடைகின்றன. அக்குழுக்களை நிர்வகிப்போர் அனைவரும் ஒரு சிக்கலை நன்கு அறிவர். குழுவில் சேர்வதற்கான இணைப்பு கைமாறிக் கைமாறி யாரிடமோ போய்ச் சேர்கிறது. யாரென்றே தெரியாத ஓர் எண் உள்ளே நுழைகிறது. மறுநாள் காலை, வீட்டிலிருந்தபடியே பணம் ஈட்டலாம் என்ற விளம்பரம் வருகிறது. அதற்கடுத்த நாள், இன்ன துஆவை இத்தனை பேருக்கு அனுப்பினால் இன்ன நன்மை கிட்டும் என்று நபியவர்களின் பெயரால் ஒரு பொய் வருகிறது.

சலித்துப்போன நிர்வாகி, தம்மைத் தவிர வேறு யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டிவிடுகிறார். குப்பை நின்றுவிடுகிறது. ஆனால் சென்ற மாதம்தான் ஊருக்குக் குடிவந்த ஒரு குடும்பம், தங்கள் பிள்ளையை எந்த மதரஸாவில் சேர்க்கலாம் என்று கேட்பதற்கிருந்த ஒரே வழியும் அத்துடன் அடைபட்டுப் போகிறது. கதவைத் திறந்து வைத்தால் கயவன் நுழைகிறான். மூடி வைத்தால் விருந்தாளி வெளியே நிற்கிறார். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி கைப்பேசியோடு பிறந்ததன்று. கணினி வலைப்பின்னல்களை உருவாக்கியோர் கடந்த அரை நூற்றாண்டாக இதனோடு போராடி வருகின்றனர். அவர்களுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் ஹதீஸ்கலை இமாம்கள் இதே கேள்வியை எதிர்கொண்டு, அதற்கு நுட்பமான ஒரு விடையையும் கண்டனர். அவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறந்த கதவின் கதை

இணையத்தின் முன்னோடி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் இயங்கிய அர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னல். பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சேர்ந்த சில ஆயிரம் பேரே அதைப் பயன்படுத்தினர். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எனவே யாரையும் தடுக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் கலிபோர்னியாவில் வந்து பார்க்குமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். வலைப்பின்னலின் பொறுப்பாளர்கள் அவரைக் கண்டித்தனர். பயனாளர்கள் பலர் வெறுப்படைந்தனர். எனினும் அந்த ஓர் அஞ்சலால் தமக்குப் பெரும் விற்பனை கிட்டியதாக அவர் பின்னாளில் கூறினார். கெட்ட வழக்கம் வளர்வதற்கு இதைவிட வேறென்ன ஊட்டம் வேண்டும்?

அடுத்த கட்டம் யூஸ்நெட் என்ற பொது உரையாடல் களத்தில் அரங்கேறியது. அங்கே ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில், கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் கூட்டமாக வருவார்கள். வழக்கம் தெரியாமல் தாறுமாறாக எழுதுவார்கள். பழையவர்கள் எடுத்துச் சொல்லச் சொல்ல, சில வாரங்களில் அவர்களும் நடைமுறைக்குப் பழகிவிடுவார்கள். ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையே கற்றுக்கொடுக்க அவகாசம் இருந்ததால், தனியாகத் தடையேதும் தேவைப்படவில்லை. 1993, 1994 ஆம் ஆண்டுகளில் வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கும் அந்தக் களத்தைத் திறந்துவிட்டன. புதியவர்களின் வருகை ஒரு மாதத்தோடு நிற்கவில்லை. அது முடிவில்லாத செப்டம்பர் ஆயிற்று என்று பழையவர்கள் பெயரிட்டனர்.

1994 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதியர் லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் ஆகியோர், கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்கப் பணம் பெற்று உதவுவதாக ஒரு விளம்பரத்தை ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட யூஸ்நெட் குழுக்களில் பதித்தனர். சமையல் பற்றிப் பேசும் குழுவானாலும், கணிதம் பற்றிப் பேசும் குழுவானாலும் எல்லாவற்றிலும் அதே விளம்பரம். எதிர்ப்பு பொங்கியது. அவர்கள் வருந்தவில்லை. இணையத்தில் பொருளீட்டுவது எப்படி என்று ஒரு நூலையே எழுதினர். இத்தகைய விளம்பரங்களும் ஒரு காரணமாக, 1997 இல் டென்னசி மாநிலம் கேன்டரின் வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்தது.

இத்தகைய வேண்டாத பதிவுகளுக்கு வழங்கும் ஸ்பாம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? டின்னில் அடைத்து விற்கப்படும் ஒரு பன்றி இறைச்சிப் பண்டத்தின் பெயர் அது. 1970 இல் ஒளிபரப்பான ஓர் ஆங்கில நகைச்சுவைக் காட்சியில், உணவகமொன்றின் எல்லாப் பதார்த்தங்களிலும் அது திணிக்கப்பட்டு, அந்தப் பெயரே மற்ற பேச்சையெல்லாம் மூழ்கடிக்கும். கேட்காததைத் திரும்பத் திரும்பத் திணிப்பதற்கு அதுவே பெயராயிற்று. பெயரிலும் ஹராம், செயலிலும் ஹராமுக்கு நெருக்கம் என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்!

நம்பிக்கைக்குரியவரிடமும் சாட்சி கேட்ட கலீஃபா

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6 ஆவது வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று அதற்கான காரணத்தையும் சொல்கிறது. செய்தியை விசாரிப்பதன் நோக்கம் மனிதர்களைக் காப்பதே என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்வோம்.

அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் ஒருமுறை கலீஃபா உமர் (ரலி) அவர்களைக் காணச் சென்றார்கள். மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினீர் என்று உமர் (ரலி) கேட்டபோது, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை என்று விடையளித்தார்கள். அதற்குச் சாட்சி கொண்டுவருமாறு உமர் (ரலி) பணித்தார்கள். அபூ ஸஈத் அல்குத்ரீ (ரலி) வந்து அதை உறுதிப்படுத்தினார்கள். அபூ மூஸா மீது சந்தேகம் கொண்டு தாம் சாட்சி கேட்கவில்லை என்றும், நபியவர்களின் பெயரால் மக்கள் மனம்போனபடி பேசத் துணிந்துவிடலாகாது என்ற அச்சத்தாலேயே கேட்டதாகவும் உமர் (ரலி) விளக்கியதாக அறிவிப்புகளில் வந்துள்ளது.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. சோதனை என்பது அவமதிப்பு அன்று. சோதிப்பவர் தம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பொய்யர்களின் படையெடுப்பு

தொடக்கத்தில் மதீனா, ஏறத்தாழ எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர். அர்ப்பாநெட்டின் தொடக்க நாட்களைப் போல, செய்தியைச் சொன்னவர் யாரென்று தனியே விசாரிக்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 35 இல் ஷஹீதாக்கப்பட்டு உம்மத்தில் ஃபித்னா எழுந்தது. அதற்குள் கூஃபா, பஸ்ரா, டமாஸ்கஸ், எகிப்து, குராசான் என்று இஸ்லாம் விரிந்திருந்தது. யாரென்று அறியாதவர்கள் நபியவர்களின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கினர். முன்பெல்லாம் அறிவிப்பாளர் தொடரை யாரும் கேட்டதில்லை என்றும், ஃபித்னாவுக்குப் பிறகே அறிவித்தவர்களின் பெயர்களைச் சொல்லுமாறு கேட்கத் தொடங்கினர் என்றும் தாபிஈயான இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹ் நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள்.

இட்டுக்கட்டியோரின் நோக்கங்கள் பலவகை. அப்துல் கரீம் இப்னு அபில் அவ்ஜா என்பவன் மார்க்கத்தைக் குலைப்பதற்காகப் புனைந்தான். தான் நாலாயிரம் ஹதீஸ்களைப் புனைந்து பரப்பிவிட்டதாகத் தண்டிக்கப்படும் வேளையில் அவன் வாக்குமூலம் அளித்ததாக நூல்களில் பதிவாகியுள்ளது. நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரின் நோக்கம் வேறு. மக்கள் ஃபிக்ஹிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் குர்ஆனை விட்டு விலகுகிறார்களே என்று கருதி, ஒவ்வொரு சூராவின் சிறப்பு குறித்தும் புனைந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். இன்னும் சிலர் ஆட்சியாளரை மகிழ்விக்கவும், பள்ளிவாசல்களில் கதை சொல்லிக் காசு சேர்க்கவும் புனைந்தனர். கெடுக்க நினைப்பவன், காசுக்காகச் செய்பவன், நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டே பொய்யைப் பரப்புபவர் ஆகிய மூவரையும் இன்றைய குழுக்களிலும் நாம் காண்கிறோம். மூன்றாம் வகையினரே எண்ணிக்கையில் மிகுதி. அவர்கள் நம் சொந்தபந்தங்களாகவும் இருப்பார்கள்.

மூன்றாவது ஓர் இருக்கை

இத்தகைய சூழலில் இமாம்கள் என்ன செய்தார்கள்? அறியாதவர் வாயைத் திறக்கவே கூடாது என்று தடை விதித்திருந்தால், தொலைதூர ஊர்களில் தனித்துப் பாதுகாக்கப்பட்ட எத்தனையோ ஸுன்னத்துகள் நம்மை வந்தடைந்திருக்கமாட்டா. எல்லாரையும் நம்பியிருந்தால் மார்க்கமே கலப்படமாகியிருக்கும். அவர்கள் நம்பகமானவர், பொய்யர் என்ற இரு பிரிவுகளோடு நின்றுவிடவில்லை. மஜ்ஹூல், அதாவது அறியப்படாதவர், என்ற மூன்றாவது ஒரு பிரிவை வகுத்தார்கள்.

அதிலும் நுட்பமான வேறுபாடு உண்டு. ஒருவரிடமிருந்து ஒரே ஒருவர் மட்டும் அறிவித்திருந்து, அவரை யாரும் நம்பகமானவர் என்று சொல்லவில்லை என்றால், அவர் ஆளே அறியப்படாதவர். இரண்டு பேர் அவரிடமிருந்து அறிவித்துவிட்டால், அப்படி ஒருவர் இருந்தார் என்பதேனும் உறுதியாகிறது. ஆனாலும் அவருடைய நேர்மை நிலைநாட்டப்பட்டுவிடவில்லை என்று ஹிஜ்ரி 463 இல் மறைந்த அல்கதீப் அல்பக்தாதீ (ரஹ்) விளக்கினார்கள். அத்தகையவர் நிலை அறியப்படாதவர். அவருடைய செய்தியை உடனே தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம், நிலை தெளிவாகும் வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே ஆய்ந்து கண்ட முடிவு என்று ஹிஜ்ரி 852 இல் மறைந்த ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) எழுதினார்கள். தவக்குஃப் என்று நாம் மதரஸாவில் ஓதும் சொல் இதுதான். அறிஞர்கள் எல்லாரும் இவ்விஷயத்தில் ஒரே அளவு கண்டிப்புக் காட்டவில்லை. குறை கூறப்படாதவரை நல்லவராகவே கொள்ளலாம் என்று இமாம் இப்னு ஹிப்பான் (ரஹ்) போன்றோர் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டனர். அளவில் வேறுபட்டாலும், அறியப்படாதவரைப் பொய்யர் பட்டியலில் சேர்க்கலாகாது என்பதில் வேறுபாடு இல்லை.

இப்னு ஹஜர் அவர்கள் தம் தக்ரீபுத் தஹ்தீப் நூலில் அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு படிகளில் வரிசைப்படுத்தினார்கள். முதல் படியில் ஸஹாபாப் பெருமக்கள். பன்னிரண்டாம் படியில் பொய்யர் என்று சொல்லப்பட்டவர்கள். நடுவே 6 ஆம் படியில் ஒரு வகையினர் இருக்கின்றனர். அவர்கள் அறிவித்தவை மிகக் குறைவு. அவர்களை ஒதுக்கத்தக்க குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. இன்னொருவர் அதே செய்தியைச் சொல்லித் துணைநின்றால் அவர்களுடைய செய்தி ஏற்கப்படும். தனித்து நின்றால் அதற்கு வலுவில்லை. இதை என்னவென்று சொல்வது? புதியவரின் வாயை அடைக்காமல், அவருடைய சொல்லுக்கு மட்டும் ஒரு வரம்பு விதித்து, துணைச்சாட்சி வந்ததும் அந்த வரம்பை நீக்கும் ஏற்பாடு இது.

இத்தோடு இன்னும் மூன்று காவல்கள் இருந்தன. முதலாவது, ஒருவரைக் குறைகூறுபவர் காரணத்தை விளக்க வேண்டும். இன்னார் பலவீனமானவர் என்று வெறுமனே சொன்னால் போதாது என்று இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) உள்ளிட்டோர் வலியுறுத்தினர். ஏனெனில் ஒருவர் குற்றமாகக் கருதுவது மற்றவர் பார்வையில் குற்றமே ஆகாமல் இருக்கலாம்.

இரண்டாவது, சோதனை புதியவருக்கு மட்டும் உரியதன்று. யஹ்யா இப்னு மஈன் (ரஹ்) அவர்கள் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களுடன் கூஃாவுக்குச் சென்று, புகழ்பெற்ற ஹதீஸ் மேதை அபூ நுஐம் அவர்களைச் சோதிக்க விரும்பினார்கள். அவர் நம்பகமானவர், வேண்டாம் என்று இமாம் அஹ்மத் தடுத்தும் கேட்கவில்லை. அபூ நுஐமின் முப்பது ஹதீஸ்களை எழுதி, ஒவ்வொரு பத்துக்குப் பின்னும் அவருடையதல்லாத ஒன்றைச் செருகிப் படிக்கச் செய்தார்கள். ஒவ்வொன்றையும் சரியாகக் கண்டுபிடித்த அபூ நுஐம், இது யாருடைய வேலை என்பதையும் புரிந்துகொண்டு யஹ்யாவை ஓர் உதை உதைத்துவிட்டு உள்ளே சென்றுவிட்டார்! அந்த உதை தம் பயணத்தைக் காட்டிலும் தமக்குப் பிரியமானது என்று யஹ்யா மகிழ்ந்தார்கள். பெயர் பெற்றவர் என்பதால் அவர்கள் விலக்கு அளிக்கவில்லை.

மூன்றாவது, தண்டனையின் எல்லை பற்றிய விவாதம். ஹதீஸில் வேண்டுமென்றே பொய்யுரைத்தவன் தவ்பா செய்தாலும் அவனுடைய அறிவிப்பு இனி ஒருபோதும் ஏற்கப்படாது என்று இமாம் அஹ்மத், அல்ஹுமைதீ (ரஹ்) ஆகியோர் கூறினர். உண்மையான தவ்பாவுக்குப் பின் ஏற்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) கருத்துரைத்தார்கள். இவ்வளவு கடுமையான விவாதம் நிரூபிக்கப்பட்ட பொய்யரைப் பற்றியது. அறியப்படாதவர் மீது யாரும் இக்கடுமையைத் திருப்பவில்லை.

கணினி உலகம் கண்டடைந்த அதே வழி

பட்டுத் தெளிந்த கணினி வல்லுநர்களும் இறுதியில் இதையொத்த இடத்திற்கே வந்து சேர்ந்தனர். 2003 இல் எவன் ஹாரிஸ் என்பவர் மின்னஞ்சலுக்கு ஒரு முறையை முன்வைத்தார். ஆங்கிலத்தில் அதற்குச் சாம்பல் பட்டியல் என்று பொருள்படும் பெயர். வெள்ளைப் பட்டியலிலும் சேராத, கறுப்புப் பட்டியலிலும் சேராத முன்பின் அறியாத அனுப்புநரிடமிருந்து அஞ்சல் வந்தால், அஞ்சல் கணினி அதை அழிப்பதில்லை. இப்போது இயலாது, சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புக என்று திருப்பிவிடுகிறது. முறையான அனுப்புநரின் கணினி காத்திருந்து மீண்டும் அனுப்பும். இலட்சக்கணக்கில் வாரியிறைப்பவனுக்குக் காத்திருக்க நேரமில்லாததால் அவன் விலகிப்போவான். நாளடைவில் வாரியிறைப்போரும் மறுமுறை அனுப்பக் கற்றுக்கொண்டனர் என்பது வேறு கதை. எந்தச் சோதனையும் என்றென்றைக்கும் போதுமானதாக இருப்பதில்லை.

2001 இல் தொடங்கிய விக்கிப்பீடியா, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற கொள்கையுடையது. 2005 மே மாதத்தில், மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகென்தாலரைக் கென்னடி படுகொலையோடு தொடர்புபடுத்தும் ஒரு பொய்யை, பெயர் சொல்லாத ஒருவர் அதில் எழுதினார். நான்கு மாதங்களுக்கும் மேலாக அது அப்படியே கிடந்தது. அவ்வாண்டின் இறுதியில், கணக்குத் தொடங்காதோர் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய பக்கம் உருவாக்குவது தடுக்கப்பட்டது. அடிக்கடி சிதைக்கப்படும் பக்கங்களுக்குப் பாதிப் பூட்டும் போடப்பட்டது. இன்று அங்கே, கணக்குத் தொடங்கி நான்கு நாட்களும் பத்துத் திருத்தங்களும் நிறைவுற்றால் அந்தப் பூட்டுகள் தாமாகவே விலகிவிடும். யாருடைய சிபாரிசும் தேவையில்லை, யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. 2018 முதல் புதிய கட்டுரையை நேரடியாக வெளியிடுவதற்கும் அதே தகுதி வேண்டும். 2008 இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கணினியாளர் களத்தில், புதியவர் முதல் நாளிலேயே கேள்வி கேட்கலாம், விடையளிக்கலாம். ஆனால் பிறர் பதிவுகளுக்கு ஆதரவு வாக்களிக்க 15 மதிப்பெண்ணும், எங்கும் கருத்துரைக்க 50 மதிப்பெண்ணும் சேர்த்தாக வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரமாகப் பங்களிப்போரின் எண்ணிக்கை 2007 இல் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரியத் தொடங்கியது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வு அதன் காரணத்தை ஆராய்ந்தது. சிதைப்போரை விரட்ட உருவாக்கிய கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் முயற்சிகளையும் தள்ளுபடி செய்தன. அவர்கள் மனமொடிந்து திரும்பிச் சென்றனர். காவலன் கள்வனை மட்டும் விரட்டினால் ஊர் செழிக்கும். வந்தவரையெல்லாம் விரட்டினால் ஊர் முதுமையடைந்து ஓய்ந்துபோகும். இளைஞர் வராத பள்ளிவாசலின் முன்வரிசைகளைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செய்தியை நம்பி மனிதரைக் கொன்ற நாள்

இதெல்லாம் வெறும் குழு நிர்வாகச் சிக்கல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2018 இல், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டதாக வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின. அவ்வாண்டு மே மாதத்தில், குலதெய்வக் கோயிலுக்கென்று சென்னையிலிருந்து உறவினர்களோடு திருவண்ணாமலை மாவட்டத்திற்குச் சென்ற மூதாட்டி ஒருவரை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. நாட்டின் பிற பகுதிகளிலும் அவ்வாண்டில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அவற்றைத் தொடர்ந்தே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது.

என்ன நடந்தது என்பதை ஹதீஸ்கலையின் மொழியில் சொல்லிப் பாருங்கள். யார் சொன்னது என்று தெரியாத ஒரு செய்தியை, நம்பகமானவரின் செய்தியைப் போல் ஏற்றுக்கொண்டார்கள். யாரென்று தெரியாத ஒரு மனிதரை, குற்றம் நிரூபிக்கப்பட்டவரைப் போல் தண்டித்தார்கள். இரண்டு இடத்திலும் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் தவக்குஃப் இல்லாமற்போயிற்று. ஒரு மூதாட்டியின் உயிர் போயிற்று.

நம் குழுக்களுக்கு

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குள் ஒரு கிராமவாசி வந்து சிறுநீர் கழித்தபோது, ஸஹாபாக்கள் சீறியெழுந்தார்கள். நபியவர்கள் அவர்களைத் தடுத்து, அவர் முடிக்கும்வரை விட்டுவிடச் சொல்லி, பின்னர் அந்த இடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றச் செய்தார்கள். பள்ளிவாசல்கள் எதற்குரியவை என்று அவருக்கு மென்மையாக எடுத்துரைத்தார்கள். அசுத்தம் நீக்கப்பட்டது. மனிதர் காக்கப்பட்டார். அறியாமல் செய்த புதியவரையும் அறிந்தே கெடுப்பவரையும் ஒரே கோலால் அளக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவற்றின் அடிப்படையில் குழு நடத்தும் சகோதர சகோதரிகளுக்குச் சில ஆலோசனைகள்:

முதலாவது, புதிதாகச் சேர்வோருக்கான விதியைச் சேரும்போதே தெரிவித்துவிடுங்கள். சேர விரும்புவோரை நிர்வாகி ஒப்புதல் அளித்துச் சேர்க்கும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. ஒப்புதல் தருமுன், எந்தத் தெரு, யாரை அறிவீர்கள் என்று ஸலாம் சொல்லிக் கேட்பதில் குற்றமில்லை. ஏன் கேட்கிறோம் என்பதையும் உமர் (ரலி) அவர்கள் சொன்னதுபோல் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, புதியவரின் குரலைத் தடுக்காதீர்கள். தீங்கு எதன் வழியே வருகிறதோ அதற்கு மட்டும் வரம்பிடுங்கள். கேள்வி கேட்பதும் ஸலாம் சொல்வதும் முதல் நாளிலிருந்தே அவருடைய உரிமையாக இருக்கட்டும். இணைய இணைப்புகள், முன்னனுப்பிய செய்திகள், வியாபார விளம்பரங்கள், பண உதவி வேண்டுகோள்கள் ஆகியவற்றை மட்டும் சில வாரங்களுக்கு நிர்வாகியிடம் முதலில் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அந்த வரம்பு என்று முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே கால அளவு இருக்கட்டும். பரம்பரை ஊர்க்காரருக்கு ஒன்று, வாடகை வீட்டில் குடிவந்தவருக்கு ஒன்று, அண்மையில் இஸ்லாத்தைத் தழுவியவருக்கு ஒன்று என்று இருந்தால், அது பாதுகாப்பு ஏற்பாடு அன்று. அது பெருமையடிப்பின் மறுவடிவம்.

நான்காவது, பழையவரையும் விசாரியுங்கள். இன்று நன்கு அறிந்தவர்களின் கணக்குகளையே மோசடிக்காரர்கள் கைப்பற்றி, அவர்கள் பெயரில் அவசரமாகப் பணம் கேட்கிறார்கள். பண வேண்டுகோள் யாரிடமிருந்து வந்தாலும், அவரைத் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேட்டு உறுதிசெய்த பின்னரே அனுப்ப வேண்டும். ஆதாரமின்றி ஹதீஸ் என்று வருவதை ஜமாஅத் தலைவரே அனுப்பியிருந்தாலும், எந்த நூல், யார் அறிவித்தது என்று அடக்கத்தோடு கேளுங்கள். அபூ நுஐமையே சோதித்த சமுதாயம் நாம்.

ஐந்தாவது, ஒருவரைக் குழுவிலிருந்து நீக்க நேர்ந்தால் காரணத்தை அவரிடம் தனியே சொல்லுங்கள். சபையில் வைத்து மானத்தை வாங்காதீர்கள். தெரியாமல் செய்தாரென்றால் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். தெரிந்தே மோசடி செய்தாரென்றால் தயங்காமல் நீக்குங்கள். அங்கே இரக்கம் காட்டுவது, அவரிடம் ஏமாறப்போகும் எளியவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

நம் இமாம்கள் அறியப்படாதவருக்கு ஓர் இருக்கை போட்டார்கள். அது தீர்ப்புக் கூண்டாகவும் இருக்கவில்லை, மணமேடையாகவும் இருக்கவில்லை. காத்திருக்கும் இருக்கையாக இருந்தது. அதில் அமர்ந்தவருக்கு எழுந்து உள்ளே வரும் வழியும் தெரிந்திருந்தது. நம் மஹல்லாவுக்கு நாளை குடிவரப்போகும் குடும்பத்திற்கும் அத்தகைய ஓர் இருக்கை காத்திருக்கட்டும்.

செய்திகளைத் தீர விசாரிக்கும் நிதானத்தையும், புதியவர்களை நல்லெண்ணத்தோடு வரவேற்கும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.